பச்சைப் பலகைக்காக அழுதவர்கள்

ஜனவரி 19, திங்கள்

சுகந்தி, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் இரண்டு வரிக்குள் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். யாராவது என்ன, பாப்பாதான். "தினமும் கொஞ்சம் எழுதுடி, எனக்கு எழுதுற மாதிரி நெனச்சு எழுது, அனுப்பணும்னு இல்ல" என்று போன மாதம் போனில் சொன்னாய். அனுப்பப்போவதில்லை. அனுப்பாத எழுத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை. கேட்டாயிற்று, இருக்கட்டும்.

பிரசவ விடுப்பு முடிந்து இன்று வேலையில் திரும்பச் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே செய்வதுதான். இந்த முறை ஹால்வென் என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. பனிச்சறுக்குப் பலகை செய்கிறார்கள். ரிட்ஜ் என்று ஒரு பலகை. பாதை போட்ட சரிவு, மரங்களுக்கு நடுவே, புதிதாகப் பெய்த பனி, எங்கும் அதை மாட்டிக்கொண்டு போகலாமாம். மலை முழுக்க ஒரே பலகை. அதை இந்த வருடம் மாற்றிவிட்டார்கள். உள்ளே இரண்டு உலோகத் தகடு இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டார்கள், முனையை அகலமாக்கிவிட்டார்கள், பச்சை நிறத்தை வெண்ணெய் நிறமாக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. உலகம் முழுவதும் ஆட்கள் கொதித்துப்போய் எழுதிக் குவிக்கிறார்கள்.

என் வேலை, ஒவ்வொன்றையும் படித்து, எழுதியவர் மனநிலை மகிழ்ச்சியா, கோபமா, துக்கமா, நடுநிலையா என்று குறிப்பது. வார்த்தையைப் பார்க்காதே, வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார் என்பது விதி. ஒரே கருத்தை மூன்று பேர் தனித்தனியாகக் குறிப்போம். நான், தினேஷ், எங்கள் குழுவின் லீடு பர்வீன் அக்கா. ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது.

"என் முழங்காலுக்குத் தெரிந்த ஒரே நண்பனைக் கொன்றுவிட்டீர்கள்" என்று ஒருவர். "கடையில் தள்ளும் வண்டி மாதிரி ஆடுகிறது" என்று இன்னொருவர். ஒருவர் பழைய பச்சை ரிட்ஜ் மூன்று ஜோடி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாராம், சாகும்வரை போதுமாம். ஒரு பெண் மட்டும், "இத்தனை வருடம் இந்தப் பலகை என்னை இழுத்துக்கொண்டு போனது, இப்போதுதான் நான் அதை இழுத்துக்கொண்டு போகிறேன்" என்று எழுதியிருந்தாள்.

கிருபா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு கட்டைக்கு இவ்வளவு ஒப்பாரியா? எங்க கம்பெனில பம்பு மாடல மாத்துனமே, ஒருத்தனாச்சும் அழுதானா?"

"பல்லடத்துல ஒருத்தர் திட்டுனார்னு சொன்னீங்க."

"திட்டுனாரு புள்ள. அழுகல."

எல்லாவற்றுக்கும் குறியிட்டு முடித்தேன். கஷ்டமாக இல்லை. எல்லோரும் நிதானமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிருபா நாக்பூர் கிளம்புகிறார். புது ஆலையில் பம்பு பொருத்தும் வேலை, ஆறு வாரம். அம்மா தாராபுரத்தில் அப்பாவின் உடைந்த காலோடு இருக்கிறாள், வர முடியாது. ஆகவே நானும் பாப்பாவும் மட்டும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் அப்படி.

ஜனவரி 20, செவ்வாய்

சாதம், கீரைக் கடைசல். தண்ணீர் லாரி வரவில்லை. பாப்பா சத்தம் போட்டுச் சிரித்தாளாம், கிருபா வீடியோ எடுத்திருக்கிறார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீடியோவில் என் கை தெரிகிறது.

ஜனவரி 22, வியாழன்

இன்று தடுப்பூசி. மூன்றரை மாதத்துக்கு உரியது. கிருபாவுக்குக் கம்பெனியில் விடுப்புக் கிடைக்கவில்லை. எதிர் வீட்டு சரோஜினி அக்கா கூட வந்தார். வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஆட்டோவில் போகும்போது சரவணம்பட்டி சிக்னல் வரைக்கும் தன் மகனின் கல்யாண மண்டபம் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கு வசதியாக இருந்தது. நடுநடுவே "ஆமாங்க்கா" சொன்னால் போதும்.

ஊசி போட்டதும் பாப்பா வீறிட்டாள். நான் அவளுடைய குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குல்லாயில் நூல் ஒன்று பிரிந்திருந்தது. அதைப் பிடுங்கினால் முழுசும் பிரியுமா, இல்லை அறுந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, அழுகுதுல்ல? தூக்குங்க" என்றார் நர்ஸ்.

"தூக்கறேங்க" என்றேன். அதற்குள் சரோஜினி அக்கா தூக்கிவிட்டார். "அம்மாக்காரிக்கு ஊசியப் பாத்தாப் பயம் போலிருக்குது. பொண்ணு கெட்டிக்காரி, இல்லடா தங்கம்?" என்று பாப்பாவிடம் பேசினார். வெளியில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு ஊசியென்றால் பயமில்லை. உனக்குத்தான் தெரியுமே, ஹாஸ்டலில் ரத்ததானம் என்றால் முதல் ஆளாகப் போவேன்.

சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலுக்கான சொட்டு மருந்து கொடுத்தேன். காலில் ஊசி போட்ட இடத்தில் ஈரத்துணி வைத்தேன். பால் கொடுத்தேன். நேரா நேரத்துக்கு எல்லாம் கொடுக்கிறேன், சுகந்தி. அதில் ஒரு குறை வைக்கவில்லை. கிருபாவும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறார், "நிரஞ்சனா ஒரு வேளை தவறவிட மாட்டா" என்று.

ஜனவரி 23, வெள்ளி

பலகைக்காரர்கள் ஓய்வதாக இல்லை. இன்று கம்பெனி ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. பழைய ரிட்ஜ் பலமான ஆட்களுக்கு மட்டுமே வளைந்துகொடுத்தது, புதியது எல்லோருக்குமானது என்று. அதற்குக் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. "அப்படியென்றால் இத்தனை நாள் நான் பலசாலியாக இருந்தது தப்பா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதைப் படித்தபோது சிரிப்பு வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது.

கனடாக்காரர் ஒருவர், புதியதை மாட்டிக்கொண்டு ஒரு முறை இறங்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதாராம். அவர் மனைவி காப்பி வாங்கிக்கொண்டு வந்து, என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாளாம். "பலகை" என்றாராம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார். நடுநிலை என்று போட்டேன்.

ஆஸ்திரியாவிலிருந்து ஒருவர் எழுதியது இது. ஆணா பெண்ணா தெரியவில்லை. தமிழில் போட்டுப் பார்க்கிறேன்:

"புதியதை வாங்கினேன். மேலே போனேன். கீழே வந்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று புரியவில்லை. முன்பெல்லாம் கீழே வந்ததும் மறுபடி மேலே போகத் தோன்றும்."

துக்கம் என்று போட்டேன். யோசிக்கவில்லை. விரல் அங்கே போயிற்று.

ஜனவரி 24, சனி

காலையில் பர்வீன் அக்கா கூப்பிட்டார். அவர் இருப்பது குனியமுத்தூரில், மூன்று வருடமாகக் குரலில் மட்டுமே பழக்கம்.

"ஏங்க நிரஞ்சனா, பாப்பா தூங்குதுங்களா? பேசலாமா?"

"சொல்லுங்கக்கா."

"இந்த வாரம் நீங்க போட்டதெல்லாம் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துக்கும் நடுநிலைன்னு போட்டு வெச்சிருக்கீங்களே?"

"எல்லாத்துக்குமா?"

"கிட்டத்தட்ட. நானும் தினேஷும் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ஒருத்தர் கார் நிறுத்துற எடத்துல உக்காந்து அழுதேங்கறாரு. அதுக்கு நடுநிலையா?"

"நிதானமா எழுதியிருந்தாரு, அதான்…"

"அழுதேன்னு நிதானமா எழுதுனா அழுகாமப் போயிருவாரா? என்னங்க நீங்க, எனக்கே இதெல்லாம் சொல்லிக் குடுத்தது நீங்கதான்."

அது உண்மைதான். பர்வீன் அக்கா லீடு ஆனதும் பழைய வேலையிலிருந்து மாதிரிகள் எடுத்து நான்தான் விளக்கினேன். ஒரு தோசைக்கல் விமரிசனத்தில், அதை எழுதிய பெண்ணுக்குக் கணவன் மேல்தான் கோபம், கல் மேல் இல்லை என்று கண்டுபிடித்து எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

"சரி பண்ணிடறேங்கக்கா. மறுபடி எல்லாத்தையும் படிக்கறேன்."

"இருங்க. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் துக்கம்னு போட்டிருக்கீங்க. யாருன்னு பாத்தா, குறையே இல்லைங்கற ஆளு. நானும் தினேஷும் அதுக்கு மகிழ்ச்சின்னு போட்டிருந்தோம். தப்புன்னு உங்களுக்கு எடுத்துச் சொல்லலாம்னுதான் அதத் திரும்ப எடுத்துப் படிச்சேன்."

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"நீங்க போட்டதுதான் சரிங்க. நாங்க மாத்திக்கிட்டோம். ஆனா, அழுத ஆளத் தெரியாத உங்களுக்கு இந்த ஆள மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

"தெரியலக்கா."

"சாப்புடறீங்களா? தூங்கறீங்களா?"

"ம்."

"எதுக்கு ம்?"

வேலையைப் பற்றிப் பேசாமல் இவர் ஏன் என்னைப் பற்றிப் பேசுகிறார் என்று எரிச்சலாக வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை. "டாக்டரப் பாருங்க, இதுக்கெல்லாம் டாக்டர் இருக்காங்க" என்றார். எதற்கெல்லாம் என்று கேட்டேன். "அது உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, அடுத்த வாரம் என் பங்கைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பிறகு துணி மடித்தேன். பாப்பா துணியெல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காய்கிறது, ஒரு மாதிரி வாடை. கிருபா மூக்கைச் சுருக்கினார்.

"பால்கனில போடலாமல்ல புள்ள? பூட்டி வெச்சிருக்கற. சாவி எங்க?"

"தூசி வருதுங்க. எதிர்ல கட்டடம் கட்டறாங்கல்ல."

"அது முடிஞ்சு பெயின்ட்டே அடிச்சுட்டாங்களே."

ஃப்ரிட்ஜுக்கு மேலே, பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திறந்து துணி போட்டு முடிக்கும்வரை பாப்பாவைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "அங்க என்ன பண்ற?" என்றார். "யாரோ பெல் அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். எங்கள் வீடு ஆறாவது மாடி. காற்று நன்றாக வரும், சுகந்தி. அதற்காகத்தான் இந்த வீட்டைப் பிடித்தோம்.

ஜனவரி 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கார் நாலு மணிக்கு வந்துவிட்டது. ரயில் ஆறரைக்கு. கிருபா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, பாப்பாவை முத்தமிட்டு என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் கதவு வரை போய்விட்டார்.

"என்னங்க."

"ம்?"

"இதையும் கொண்டுபோயிருங்க."

பால்கனி சாவியை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"நாக்பூருக்கு எதுக்குப் புள்ள பால்கனி சாவி? அங்க எனக்குக் குடுக்கறதே ஜன்னல் இல்லாத ரூமு."

"இங்க வேண்டாங்க. வேற எங்க வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. இறக்கத் தெரியாமல் ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி நின்றார். பிறகு பெட்டியை வைத்தார். ஷூவோடு உள்ளே வந்து பாப்பாவை என்னிடமிருந்து வாங்கினார்.

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து."

"பாப்பாவ… ஏதாச்சும்…"

"இல்லீங்க. ஒண்ணும் பண்ணல. பண்ணவும் தோணல. அவள வெச்சுக்கிட்டு அங்க நின்னா, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதாங்கற மாதிரி இருக்குது. அவ்வளவுதான். அதனால பூட்டுனேன்."

"ஏஞ் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்கு ஒண்ணும் ஆகலையே. அழுகக்கூட இல்லையே நானு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. டிரைவர். "சார், கீழ வெயிட்டிங்." கிருபா, "போயிருங்க தம்பி, இன்னிக்குப் போகல" என்றார். பிறகு அவருடைய மேனேஜருக்குப் பேசினார். "வீட்டுல ஒடம்பு சரியில்லைங்க சார். இல்லைங்க, கொழந்தைக்கு இல்ல. சம்சாரத்துக்கு." என்ன உடம்புக்கு என்று கேட்டிருப்பார் போல. கிருபா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "பாக்கணுங்க சார்" என்றார்.

வியாழக்கிழமை வரை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் முடியாதாம், ஆலைத் திறப்பு தேதி குறித்துவிட்டார்களாம்.

சாவி அவரிடம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ராத்திரிக்கு அவரே உப்புமா கிளறினார். உப்பு இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கீழே கொடியேற்றி லட்டு கொடுத்தார்கள். மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு விடுமுறை. பிரசவம் பார்த்த டாக்டரின் எண்ணுக்குக் கூப்பிட்டால் நர்ஸ் எடுத்தார். கிருபா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்ததும், "தூக்கமில்லாம இருக்கும் சார், மொதக் கொழந்தைக்கு எல்லாருக்கும் அப்படித்தான், பால் நெறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். கிருபா வைத்துவிட்டு நேற்றுச் செய்த மாதிரியே தரையில் உட்கார்ந்தார். போனில் தேடப்போனவர் தலையைத் தூக்கி, "எந்த டாக்டர்னு போட்டுத் தேடறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மனநல மருத்துவர் என்று போடலாம் என்றேன். போட்டார். நிறையப் பெயர்கள் வந்தன. எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். இதில் யாரிடம் போய், இப்படி இருக்கிறது என்று சொல்வது? நாளை காலை ஒருவரிடமாவது போயே தீருவது என்று கிருபா சொல்லிவிட்டார். நானும் சரி என்றிருக்கிறேன். இன்று அவர் என்னைத் தனியாகக் கடைக்குக்கூட அனுப்பவில்லை. சரோஜினி அக்காவிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அக்கா வந்து காய்ந்த துணியெல்லாம் எடுத்து மடித்துவைத்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவர் அவளைக் கொஞ்சுவது இங்கே கேட்டது.

சுகந்தி, இதையெல்லாம் அனுப்பமாட்டேன் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அனுப்புகிறேன். எதையும் திருத்தவில்லை.

இன்று மத்தியானம் உன்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு யாழ் பிறந்த பிறகு ஆறேழு மாதம் நீ போனை எடுக்கவே இல்லை. நான் அனுப்பும் செய்திக்கெல்லாம் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். என்னடி என்று கேட்டதற்கு வீட்டில் சிக்னல் இல்லை என்றாய். திருச்சியில் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயேதான் டவர் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் நீயாகவே கூப்பிட்டாய். முக்கால் மணி நேரம் பேசினாய். யாழ் மாவு டப்பாவைக் கவிழ்த்த கதையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தாய். நடுவில் என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை.

உனக்கும் இப்படித்தான் இருந்ததா? ஆமாம் என்றால் ஆமாம் என்று மட்டும் எழுது, விளக்கம் வேண்டாம். யாரிடம் போனாய், அவர்கள் எண் இருந்தால் அதையும். சிரிப்பு எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று சொல்ல முடிந்தால் அதையும். அப்படி எதுவும் இல்லை, நிஜமாகவே சிக்னல்தான் என்றால் அதையாவது எழுது.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்ப வேண்டும். சீக்கிரம் பதில் போடு.